கொரியர் சாமியும் கடலில் கரைந்த லேப்டாப்பும்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் விமானம் இறங்குவதைப் பார்க்கக்கூட அவ்வளவு கூட்டம் கூடியதில்லை. செவ்வாயும் சனியும் காலை ஏழு மணிக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அந்த மூன்றாவது குறுக்குத் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைக்காது. கல்லூரி மாணவர்கள், அரசாங்கக் குடியிருப்பின் குமாஸ்தாக்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர், இட்லி மாவு பாக்கெட்டோடு அப்படியே வந்துவிட்ட அம்மாக்கள். எல்லோர் கையிலும் ஆளுக்கொரு வெற்றிலை. வெற்றிலையில் பேனாவால் எழுதிய நீளமான ஓர் எண்.

உள்ளே தரிசனம் தருகிறவர் கொரியர் சாமி.

சிரிக்காதீர்கள். நானும் சிரித்தேன். பிறகு வரிசையில் நின்றேன்.

ஆன்லைனில் ஆர்டர் போட்டு வராமல் இழுத்தடிக்கும் பொருளை வரவழைப்பதுதான் இந்தச் சாமியின் சிறப்பு. அதிலும் லேப்டாப் என்றால் அவருக்குத் தனி அருள். கார் நிறுத்தும் கொட்டகையைச் சன்னிதி ஆக்கியிருந்தார். நடுவில் ஒரு பழைய கீபோர்டு. அதற்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழ மாலை. எண்டர் பட்டனுக்கு மட்டும் பெரிய பொட்டு. பின்னால் சிவப்புத் திரை. திரைக்குப் பின்னால் இருப்பது கருவறையாம். பக்தர்களின் வெற்றிலைகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு சாமியின் மைத்துனர் மட்டும்தான் அதற்குள் போவார். அரை மணி நேரம் மணிச் சத்தம் கேட்கும். பிறகு சாமி கண்ணை மூடி உங்கள் பொருள் எந்த ஊரில் நிற்கிறது என்று சொல்வார். சொன்னால் சொன்னதுதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. பெயர் கலைவாணன். ஊர் முத்தியால்பேட்டை. அப்பா மில் தொழிலாளி, நான் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் பகுதி சிந்தனை வட்டத்தின் செயலாளர். பேய் ஓட்டுகிறவர்களுக்கு எதிராக நோட்டீஸ் அடித்தவன். வாஸ்து பார்த்து வாசலை இடித்துக் கட்டிய சக ஊழியரோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தவன். மகளுக்கு அறிவுமதி என்று பெயர் வைத்துவிட்டு, அந்த அறிவில் பாதி எனக்கும் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

எங்கள் கூட்டங்களை நான்தான் தொடங்கி வைப்பேன். "தோழர்களே! ஏமாறுகிறவன் யார்?" என்று கத்துவேன். "யோசிக்காதவன்!" என்று கூட்டம் திருப்பிக் கத்தும். கூட்டம் என்றால் பதினொரு பேர். அந்தக் கம்பீரத்தில் மயங்கி, என் குரலைப் பதிவுசெய்து, வீட்டு லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் அது முழங்கும்படி வைத்திருந்தேன். அந்த லேப்டாப்பைத்தான் அறிவுமதி படிப்புக்குப் பயன்படுத்தினாள். ஒருநாள் பல்கலைக்கழக நூலகத்தில் அவள் அதைத் திறக்க, "ஏமாறுகிறவன் யார்?" என்று நான் கேட்க, நூலகர் அவளை வெளியே அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து இயர்போனைச் செருகிவிட்டுத்தான் திறப்பாள். "அப்பா, அந்தச் சத்தத்த எடுத்துடுங்கப்பா" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். கொள்கையை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன்.

லேப்டாப் பழசு. மூடியின் கீல் உடைந்து, ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்தியிருந்தாள். மின்விசிறி ஓடினால் பக்கத்து வீட்டில் மாவு அரைப்பதாக நினைப்பார்கள். அதில்தான் அவளுடைய எம்.எஸ்ஸி. ஆய்வேடு. கடலோர ஊர்க் கிணறுகளில் உப்பு எப்படி ஏறுகிறது என்று இரண்டு வருஷமாக வாளியும் கயிறுமாக அலைந்து எழுதியது. மாதக் கடைசிக்குள் காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்க வேண்டும். சென்னையில் ஒரு தண்ணீர் ஆய்வுக்கூடத்தில் வேலை தயாராக இருந்தது, பட்டம் கையில் இருந்தால்.

"புதுசு ஒண்ணு வாங்கிக் குடுங்கப்பா. எதுவா இருந்தாலும் சரி. கணக்குப் போடணும், டைப் அடிக்கணும், அவ்ளோதான்" என்றாள்.

எதுவாக இருந்தாலும் சரியா? பகுத்தறிவாளன் அப்படி வாங்குவானா? ஆய்வு செய்ய வேண்டாமா?

இரண்டு மாதம் ஆய்வு செய்தேன். கம்பெனிகளின் உண்மைப் பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். அதனால் பெல்மா, டோரிக்ஸ், கின்சோ என்று நானே பெயர் வைத்துக்கொள்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இந்த மூன்றுக்கும் மூன்று கட்சிகள் இருந்தன. "எங்க மச்சான் பெல்மா வாங்கி எட்டு வருஷம் சார், ஒரு ஸ்குரு கழட்டல" என்பார் ஒருவர். "பெல்மாவா? எங்க மச்சான் வாங்கி எட்டே மாசத்துல பொகை வந்துச்சி" என்பார் இன்னொருவர். ஆளுக்கொரு மச்சான்தான் ஆதாரம். மச்சான்களை நம்பக்கூடாது என்று இணையத்துக்குப் போனேன். அங்கே ஆயிரம் மச்சான்கள். ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, "பெட்டி அழகாக இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை" என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ஒரே நட்சத்திரம் கொடுத்திருந்தார். காரணம், கொண்டுவந்தவர் செருப்போடு வாசற்படி ஏறிவிட்டாராம். இவற்றையெல்லாம் கூட்டி, வகுத்து, பதினாறு கட்டம் போட்டு அட்டவணை தயாரித்தேன். டோரிக்ஸ் வென்றது. ஐந்துக்கு நாலேகால்.

ஜாதகம் பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்கிறேனே, ஜாதகத்தில் பன்னிரண்டு கட்டம்தான்.

ஐந்து நாளில் வரும் என்றார்கள். பத்தொன்பது நாளாகியும் வரவில்லை. கடையின் இணையப் பக்கத்தைத் திறந்தால் 'வந்துகொண்டிருக்கிறது' என்று மட்டும் இருக்கும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறந்து பார்த்தேன். பிரகாரம் சுற்றுகிறவர்கள்கூட நூற்றெட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் கணக்கே வைக்கவில்லை. இதற்குள் பழசு நாளுக்கு இரண்டு முறை மயங்கி விழ ஆரம்பித்தது. மகளின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. என் இரண்டு மாத ஆய்வு அவளுடைய இரண்டு வருஷத்தைத் தின்றுவிடுமோ என்று உண்மையாகவே கலங்கிப்போனேன்.

அப்போதுதான் அலுவலகத்தில் பக்கத்து மேஜை இராமதாஸ் காதில் ஓதினார்.

"சார், நம்ம கொரியர் சாமிகிட்ட ஒருவாட்டி போய்ட்டு வாங்களேன்."

"என்னைப் பாத்தா எப்படிய்யா தெரியுது உமக்கு?"

"கோவப்படாதீங்க சார். எங்க மச்சினிச்சி பார்சல் ஓசூர்ல கெடந்துச்சி. பட்டுனு சொன்னாரு. முன்னாடி இங்கதான் ஜெராக்ஸ் கடை வெச்சிருந்தாரு. தெய்வசிகாமணின்னு பேரு. ஒருநாள் மிஷின் ஷாக் அடிச்சி அருள் எறங்கிடுச்சி."

ஷாக் அடித்தால் ஃபியூஸ் போகும், அருள் எப்படி இறங்கும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மோசடியை நேரில் ஆராய்ந்து வட்டத்தின் இதழில் எழுதப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆராயப் போகிறவன் எதற்காக வெற்றிலையை நன்றாகக் கழுவித் துடைத்து எடுத்துப் போனான் என்று கேட்டுவிடாதீர்கள்.

யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று ஹெல்மெட்டைக் கழற்றாமல் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் இன்னொரு ஹெல்மெட். குனிந்து பார்த்தேன். செருப்பில் இடது வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கை நான் பல மேடைகளில் பார்த்திருக்கிறேன். எங்கள் வட்டத்தின் தலைவர் தோழர் செம்மல். அவரும் என் செருப்பைப் பார்த்துவிட்டார். இருவரும் வானத்தைப் பார்த்தோம். ஆராய்ச்சியாளர்கள் ஒருவரையொருவர் தொந்தரவு செய்வதில்லை.

முன்னால் நின்ற பெண் பெயர் சின்னப்பொண்ணு. திருக்கனூர் பக்கம். கடற்கரைச் சாலை ஹோட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்கிறாள்.

"எம் பொண்ணு கலைவாணி நர்சு படிக்குது சார். சீட்டு எடுத்து லேப்டாப்புக்குப் போட்டோம். ஒரு மாசமாச்சி. சாமி நல்லா சொல்றாராமே?" என்றாள்.

"சொல்வாரு, சொல்வாரு" என்றேன் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

என் முறை வந்தது. வெற்றிலையில் ஆர்டர் எண், கொரியர் எண், போன் எண் மூன்றும் எழுதியிருந்தேன். அது உள்ளே போனது. மணி அடித்தது. சாமி கண்ணை மூடினார்.

"மாந்தோப்பு தெரியுது... மலை தெரியுது... பெரிய ரோடு... கிருஷ்ணகிரி! கிருஷ்ணகிரியில நிக்குதுய்யா உன் பொருளு. வெள்ளி நெறம். பேரு டோரிக்ஸ்."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதில் வெட்கப்படாமல் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அந்த நிமிஷத்தில் என் இருபத்திரண்டு வருஷமும் கொட்டகை வாசலில் செருப்போடு சேர்ந்து வெளியே நின்றுவிட்டது.

"வருமா சாமி?" என்றேன். சாமி என்று கூப்பிட்டது நான்தான்.

"வரும். ஆனா தடை இருக்குது. தடை எப்படி வரும் தெரியுமா? போன்ல வரும். ஒம்பது நாளைக்குத் தெரியாத நம்பர்லேர்ந்து போன் வந்தா எடுக்காத. எடுத்தா பொருள் திரும்பிப் போயிடும்."

தட்சணையைத் தட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. துண்டித்தேன். மறுபடி வந்தது. மறுபடி துண்டித்தேன். அன்று ஆறு முறை தடை என்னைத் தேடி வந்தது, ஆறு முறையும் அதை முறியடித்தேன். செவ்வாய் நான்கு முறை. புதன் ஏழு. இராமதாஸ் கை கொடுத்தார்.

வீட்டிலும் ஒருமுறை அடித்தது. என் மனைவி அமுதவல்லி வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். அதற்காக அவளை நான் செய்யாத கிண்டல் இல்லை. அவள் கேட்டாள்: "யாருன்னு எடுத்துக் கேட்டாதான் என்னாங்க?"

"இது ஒரு பரிசோதனை. ஒனக்குப் புரியாது."

"என்னமோ. எங்க சாமியெல்லாம் போன் நம்பர் கேக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி வெற்றிலை, மறுபடி மணி. சாமி இந்த முறை கண்ணைத் திறந்தே சொன்னார்.

"வந்துச்சிய்யா! புதுச்சேரிக்குள்ளயே வந்துச்சி! உன் வாசல மிதிக்க மாட்டாம விழுப்புரத்துக்குத் திரும்பிப் போயிடுச்சி. ஏன்? வீட்டுல பழசு ஒண்ணு உக்காந்திருக்குது. மூத்தவ இருக்கற வீட்டுக்கு எளையவ எப்படிய்யா வருவா?"

ஹெல்மெட்டுக்குள் எனக்கு வியர்த்தது. பழசு இருப்பது இவருக்கு எப்படித் தெரியும்? புது லேப்டாப்புக்குக் காத்திருக்கிற எவன் வீட்டில்தான் பழசு இருக்காது என்று எனக்குத் தோன்றவில்லை.

பரிகாரம் இதுதான்: பழைய லேப்டாப்பை அன்றைக்கே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். சாமி அன்று பொழுது சாய்வதற்குள் நோணாங்குப்பத்தில் படகு ஏறி, தன் கையாலேயே அதைக் கடலில் கரைத்துவிடுவார். கூடவே அதன் உயிர்மந்திரத்தை வெற்றிலையில் எழுதித் தர வேண்டும். உயிர்மந்திரம் என்றால் பாஸ்வேர்டு. அது இல்லாமல் கரைத்தால் லேப்டாப்பின் ஆத்மா அலையுமாம்.

அறிவுமதி கடைசிக் கிணற்றுத் தண்ணீர் எடுக்க நோணாங்குப்பம் போயிருந்தாள். வீட்டுக்குப் போய், ரப்பர் பேண்டோடு லேப்டாப்பை எடுத்து வந்தேன். என் விருப்பத்துடன் ஒப்படைக்கிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் போட்டேன். வெற்றிலையில் மந்திரத்தை எழுதும்போதுதான் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். பல வருஷம் முன்பு நான் வைத்த பாஸ்வேர்டு அது: 'கடவுளில்லை'.

சாமி அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். "சக்தியுள்ள மந்திரம்" என்று சொல்லித் தட்டில் வைத்துக்கொண்டார்.

இருட்டிய பிறகு அறிவுமதி வந்தாள். கால் கழுவிக்கொண்டு மேஜைக்குப் போனாள்.

"அப்பா, லேப்டாப் எங்க?"

சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தண்ணீர் பாட்டில்கள் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நாலாவது, அஞ்சாவது அத்தியாயம் ரெண்டும் அதுலதான்ப்பா இருக்குது."

"பென்டிரைவ்ல?"

"மூணு வரைக்கும்தான்."

"நெட்ல ஏத்தி வெச்சிருப்பியேம்மா?"

"எடம் எங்க இருக்குது? மூடநம்பிக்கைய எதிர்த்து நீங்க பேசின வீடியோ நாப்பத்தொண்ணு ஏத்தி வெச்சிருக்கீங்க. ஒண்ணையும் அழிக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

செத்துப்போகலாம் போல இருந்தது. அமுதவல்லி மகளின் மடியிலிருந்த பையை வாங்கி ஓரமாக வைத்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலாம்.

அறிவுமதி எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு என் போனை வாங்கி, கொரியர் எண்ணை எடுத்து, கடையின் பக்கத்தில் அல்ல, அந்தக் கொரியர் கம்பெனியின் பக்கத்தில் போட்டாள். மேலே 'டோரிக்ஸ் லேப்டாப், வெள்ளி நிறம்' என்றும், கீழே கிருஷ்ணகிரி, விழுப்புரம், புதுச்சேரி, மறுபடி விழுப்புரம் என்று ஊர் ஊராக, தேதியோடும் வந்தது. நான் நாற்பது தடவை சுற்றிய பிரகாரத்துக்கு அடுத்த கதவு.

"இதான் உங்க சாமியோட ஞானக்கண்ணு" என்றாள். "சரி, இன்னிக்கு எத்தனை மணிக்குப் படகுல போனாராம்?"

"பொழுது சாயறதுக்குள்ள."

"நான் ஆறு மணி வரைக்கும் அங்கதான் இருந்தேன். இன்னிக்குக் காத்து அதிகம். மத்தியானத்துக்கு மேல ஒரு படகும் விடல."

"போலீசுக்குப் போவோம்மா."

"கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. கடல்ல போட்டுட்டேன்னு சொன்னா என்னா பண்ணுவீங்க? முத்துக்குளிப்பீங்களா?" சட்டென்று நிமிர்ந்தாள். "என்னா பாஸ்வேர்டு குடுத்தீங்க?"

"கடவுளில்லை."

அன்று அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "அத நான் போன மாசமே மாத்திட்டேன்ப்பா. பவர் போட்டதுமே கேக்கும். அது தெரியாம அவங்களால தொறக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அப்படியேதான் இருக்கும், எங்கியோ."

செவ்வாய்க்கிழமை காலை. அதே கூட்டம். அதே ஹெல்மெட்டோடு நான். பின்னால் ஊக்குச் செருப்பு. சின்னப்பொண்ணுவும் வந்திருந்தாள். சனிக்கிழமை அவளும் மகளின் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த யாரோ கொடுத்ததாம் அது. என்னோடு வந்த அறிவுமதி நேராகச் சாமிக்கு முன்னால் போய் நின்றாள்.

"சாமி, சனிக்கிழம எங்கப்பா குடுத்த லேப்டாப்ப கரைச்சாச்சா?"

"அன்னிக்கே. நடுக்கடல்ல. இந்தக் கையால." சாமி கையைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் அரோகரா போட்டது.

"நல்லது சாமி. ஆனா எங்கப்பா எழுதிக் குடுத்த மந்திரம் பழசு. அது பலிக்காது. புது மந்திரத்த இதுல எழுதியிருக்கேன்." வெற்றிலையை நீட்டினாள்.

சாமி அருள் வந்ததையே மறந்துவிட்டார். கை தானாக நீண்டது.

"நல்லவேள சொன்ன தாயி! ரெண்டு நாளா ஆத்மா அலையுது, தெறக்க மாட்டேங்குது." வெற்றிலை மைத்துனர் கைக்குப் போனது. மைத்துனர் திரைக்குள் போனார். போனார் என்ன, ஓடினார்.

சின்னப்பொண்ணு பக்கத்தில் இருந்தவரிடம் சாதாரணமாகக் கேட்டாள்: "ஏங்க, கடல்ல போட்டாச்சின்னா, அதத் தெறக்கறதுக்கு எதுக்குங்க மந்திரம்?"

"உஷ்! சாமி காரியம்" என்று நாலு பேர் அதட்டினார்கள். எல்லோரும் பட்டதாரிகள்.

மணி அடிக்கவில்லை. அதற்குப் பதில் திரைக்குப் பின்னாலிருந்து மாவு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அடுத்து, கொட்டகைத் தகரம் அதிர ஒரு குரல்.

"தோழர்களே! ஏமாறுகிறவன் யார்?"

என் குரல்.

"யோசிக்காதவன்!" என்று எனக்குப் பின்னாலிருந்த ஹெல்மெட் முழங்கியது. பாவம், செம்மல். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது.

குரல் அதோடு நிற்கவில்லை. குறி சொல்கிறவன், பேய் ஓட்டுகிறவன், அவன் வாசலில் காத்துக் கிடக்கிற படித்த முட்டாள் என்று ஒவ்வொருவராக அழைத்துத் திட்டியது. மைத்துனருக்குச் சத்தத்தைக் குறைக்கத் தெரியவில்லை. படித்த முட்டாள் என்ற இடத்தில் எவ்வளவு அழுத்தம் கொடுத்துப் பதிவு செய்திருந்தேன் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

சின்னப்பொண்ணு எழுந்து போய்த் திரையைப் பிடித்து இழுத்தாள். திரை கம்பியோடு வந்தது. உள்ளே அலமாரியில் பதினான்கு லேப்டாப்கள், விற்பனைக்குத் துடைத்து வைத்தவை. மேஜையில் ஒரு கணினி, அதில் கொரியர் கம்பெனியின் பக்கம். ஓரத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிய வெற்றிலைகள். மைத்துனர் மடியில், ரப்பர் பேண்டோடு, என் மகளின் ஆய்வேடு.

இதற்குப் பிறகு ஓடுவார் என்றுதானே நினைப்பீர்கள்? சாமி இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"அற்புதம்! கடல் தாயே திருப்பிக் குடுத்துட்டா!"

சத்தியமாகச் சொல்கிறேன், ஏழெட்டுப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சொல்தா தொப்பியைக் கழற்றினார்.

சின்னப்பொண்ணு மைத்துனர் மடியிலிருந்த லேப்டாப்பைக் கையில் வாங்கினாள். மூடியை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினாள். கீழே தடவினாள். கையை விரித்துக் கூட்டத்துக்குக் காட்டினாள்.

"கடல் குடுத்தா நனைஞ்சில்ல இருக்கணும்? ஒரு சொட்டு ஈரம் இல்லியே. எங்க வூட்டு அலமாரிகூட இவ்ளோ காஞ்சி இருக்காது. யோவ், எம் பொண்ணுது எங்கய்யா?"

கன்னத்தில் போட்ட கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பிறகு கூட்டம் ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. யாரோ போலீசுக்குச் சொன்னார்கள். சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கச் சுவரில் ஏறினார். எல்லாப் பார்சலின் வழியும் தெரிந்தவருக்குத் தன் வழி தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கக் கால் வைக்க இடமில்லாமல் கூட்டத்தின் ஸ்கூட்டர்கள்தான் நின்றன.

கூட்டத்தில் நின்றிருந்த இராமதாஸ் என் பக்கத்தில் வந்து ஹெல்மெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "சார், உள்ள கேட்டது உங்க கொரலு இல்ல?"

ஹெல்மெட்டைக் கழற்றினேன். செம்மலும் கழற்றினார். ஆராய்ச்சி முடிந்தது.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. தெரியாத எண். பழக்கத்தில் கட்டைவிரல் துண்டிக்கப் போனது. அறிவுமதி பிடுங்கி எடுத்தாள்.

"யாருங்க?"

"மேடம், நான் விஜய், கொரியர்லேர்ந்து பேசறேன். உங்க ஏரியாவுல வீட்டுக்கெல்லாம் பழைய நம்பர் புது நம்பர் ரெண்டும் இருக்குது, வழி கேக்கலாம்னு போன வாரம்லாம் கூப்பிட்டேன். சார் கட் பண்ணிக்கிட்டே இருக்காரு. விழுப்புரத்துக்குத் திருப்பி அனுப்பி, மறுபடி வந்திருக்குது. இன்னிக்குதான் கடைசி. லேப்டாப் வேணுமா வேணாமா மேடம்?"

அவள் போனை என் காதில் வைத்தாள். "நீங்களே சொல்லுங்க."

"வேணும் தம்பி" என்றேன்.

டோரிக்ஸ் அன்று மாலையே வந்தது. வெள்ளி நிறம், பெட்டி அழகாக இருந்தது. மூன்றாம் நாள் சார்ஜ் ஏறவில்லை. பதினாறு கட்டத்தில் அந்தக் கட்டம் இல்லை. அறிவுமதி பழைய ரப்பர் பேண்ட் லேப்டாப்பிலேயே கடைசி அத்தியாயத்தை முடித்து, கெடுவுக்கு முதல்நாள் காலாப்பட்டில் ஒப்படைத்தாள். அது என்ன பிராண்டு என்று அலுவலகத்தில் எல்லோரும் கேட்கிறார்கள். மூடியில் இருந்த பெயர் எப்போதோ உதிர்ந்துவிட்டது. எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தக் குரலை அழித்துவிடுகிறேன் என்று நானே போய்ச் சொன்னேன்.

"வேணாம்ப்பா, இருக்கட்டும்" என்றாள். "அது உங்களுக்குக் கேக்கட்டும்."

இப்போதும் அந்த லேப்டாப்பைத் திறந்தால், ஏமாறுகிறவன் யார் என்று அது கேட்கிறது. நான் பதில் சொல்வதில்லை, கையைத் தூக்குகிறேன். நீங்களும் ஒருமுறை தூக்கிப் பாருங்கள், வலிக்காது. அதற்குப் பிறகு தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுத்து, "யாருங்க?" என்று கேளுங்கள். ஊர் சொல்லும் சாமியிடமும் அதையே கேளுங்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு உங்களை யோசிக்கச் சொல்கிற என்னைப் போன்றவனிடம் முதலில் கேளுங்கள்.